கோபுரத்துக்கு பெயிண்ட் அடிச்சாச்சு, பீரோவுக்குள்ள கெடக்குற பதிவேட்டை யார் பாக்குறது?

கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிங்க. நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்காரங்க எல்லாரும் படிக்கணும்னு நினைக்கிறேன். (எங்க பக்கம் சர்ச்சை கோயில்னுதான் சொல்லுவோம்.)

போன மாசம் எங்க பெரியம்மைக்கு வயசு ஆதாரம் தேவைப்பட்டுச்சு. பாஸ்போர்ட் எடுக்கணும், மக வெளிநாட்டுல இருக்கா, போய் பாக்கணும். அவங்க பொறந்த காலத்துல கிராமத்துல பிறப்பு சர்டிபிகேட் எல்லாம் யார் வாங்கினா, பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார் குத்துமதிப்பா போட்ட தேதிதான் எல்லா பேப்பர்லயும் இருக்கு. சரி கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டுல இருக்கும்னு உபதேசியாரை (போதகருக்கு உதவியா இருக்குற கோயில் ஊழியர்) கூட்டிட்டு வெஸ்ட்ரிக்கு, அதான் கோயிலோட ஒட்டின சாமான் அறைக்குப் போனேன். மரபீரோ, கதவு ஒரு பக்கம் தொங்கிட்டு நிக்குது. மேல் தட்டுல போன வருஷ கிறிஸ்மஸ் ஸ்டார், சீரியல் லைட்டு, ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். கீழ் தட்டுல பதிவேடுகள். உபதேசியார் அடியில இருந்து ஒண்ணை உருவினதும் அட்டை மட்டும் கையில வருது, உள்ள இருந்த தாள் எல்லாம் கரையான் மண்ணா தரையில கொட்டுது. அவரும் நானும் அப்படியே நின்னுட்டோம். "இது எந்த வருசம்யா"ன்னு கேக்கிறேன், அட்டையில நம்பர் அழிஞ்சு போச்சு, அவருக்கும் தெரியல.

பெரியம்மையோடது கெடச்சிருச்சு, அது வேற புஸ்தகம், தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனா எனக்கு அந்த மண்ணா கொட்டினதுதான் ராத்திரி பூரா கண்ணுக்குள்ள நின்னுச்சு. ஏன்னா அதே கோயிலுக்கு மூணு வருஷம் முன்னாடிதான் கோபுரத்துல இருந்து வாசப்படி வரைக்கும் பெயிண்ட் அடிச்சோம், தரைக்கு டைல்ஸ் போட்டோம், நானும்தான் காசு குடுத்தேன், வரி எழுதுற நோட்டுல என் பேரும் இருக்கு. பதிவேட்டுக்குன்னு ஒரு ஸ்டீல் பீரோ வாங்கணும்னு அன்னைக்கு நான் உட்பட ஒருத்தர் வாயில இருந்தும் வரல.

பாளையங்கோட்டை கதை நம்ம எல்லாருக்கும் ஞாயிறு பள்ளியில சொல்லிக் குடுத்ததுதான். குளோரிந்தா அம்மா, தஞ்சாவூர் பிராமண விதவை, 1778ல மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர்கிட்ட ஞானஸ்நானம் எடுத்தவங்க. (எங்க பக்கம் போதகரை ஐயர்னுதான் கூப்பிடுவோம், வெளியூர்க்காரங்க குழம்பிக்காதீங்க.) அவங்க முன்னால நின்னு கட்டின கோயில் 1785ல பிரதிஷ்டை ஆச்சு, இன்னைக்கும் சனங்க பாப்பாத்தி அம்மாள் கோயில்னுதான் சொல்லும். ஆனா அந்த சபையோட பதிவேடு எப்ப தொடங்குச்சு தெரியுமா, 1780ல. 40 பேர் பேரு எழுதி தொடங்குச்சு. அதாவது கோயில் பிரதிஷ்டை ஆகுறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே பேரு எழுதியாச்சு. பேரு எழுதின அன்னைக்கே அது சபை ஆயிருச்சு, கட்டடம் அப்புறம் வந்துச்சு. சுவார்ட்ஸ் ஜெர்மன்காரர், லுத்தரன் சபைக்காரர், நம்ம சபை பிறகுதான் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) மிஷன்கள் கைக்கு வந்துச்சு, சி.எம்.எஸ். ஒரு பக்கம் எஸ்.பி.ஜி. ஒரு பக்கம்னு. யார் கைக்கு வந்தாலும் அந்த புஸ்தகம் எழுதுற பழக்கம் மட்டும் நிக்கல.

இந்த பழக்கத்தோட வேர் இங்கிலாந்துல ரொம்ப பழசு. எட்டாம் ஹென்றி காலத்துல, 1538ல, அவரோட அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஒரு உத்தரவு போடுறார்: ஒவ்வொரு சேகரத்துலயும் (ஒரு குருவானவர் பொறுப்புல இருக்குற சபை வட்டாரம்) ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணையும் வாராவாரம் புஸ்தகத்துல எழுதணும், அந்த புஸ்தகத்தை ரெண்டு பூட்டு போட்ட பெட்டியில வைக்கணும், ஒரு சாவி குருவானவர்கிட்ட, இன்னொண்ணு சபைப் பொறுப்பாளர்கள்கிட்ட. தனியா யாரும் திறக்க முடியாது! 1812ல பார்லிமெண்ட் சட்டமே போட்டு, கட்டம் போட்ட அச்சடிச்ச புஸ்தகம்தான் வைக்கணும், அதுவும் ஈரம் படாத, நல்லா பெயிண்ட் அடிச்ச இரும்புப் பெட்டியில இருக்கணும்னு சொல்லிருச்சு. பெயிண்ட் எதுக்கு அடிக்கணும்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு.

அந்த கட்டம்தான் நமக்கும் வந்துச்சு. எங்க ஊர்ல தப்பிப் பிழைச்ச ஒரு ஞானஸ்நானப் பதிவேட்டை அன்னைக்கு ஜன்னல் பக்கத்துல வச்சு பாத்தேன். தேதி, பிள்ளை பேரு, தகப்பன் தாய் பேரு, ஊரு, தொழில், குருவானவர் கையெழுத்து. மை கருப்பா இருந்தது மரப்பட்டை நிறத்துக்கு மாறிருச்சு, அழுத்தி எழுதின இடத்துல மை தாளையே தின்னு ஓட்டை விழுந்திருக்கு. தொழில் கட்டத்துல மேல இருந்து கீழ வரைக்கும் பனையேறி, பனையேறி, பனையேறி, நடுவுல ஒரு கொத்தன், ஒரு வண்டிக்காரன், திரும்ப பனையேறி. அம்மாமார் தொழில் எழுதவே இல்ல, கருப்பட்டி காய்ச்சினது பூரா அவங்கதான். பெரியவங்க ஞானஸ்நானம் எடுத்த இடத்துல பழைய பேரு ஒரு பக்கம், புதுப் பேரு ஒரு பக்கம், அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற சின்ன கோட்டைப் பாத்தாலே எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுது. நம்ம வீட்டு ஞானமுத்து, வேதமாணிக்கம் எல்லாம் அந்த கோட்டைத் தாண்டி வந்தவங்கதான்.

அடக்கப் பதிவேடு இன்னும் கனம். 1877ஆம் வருஷப் பக்கம் வந்ததும் எழுத்து சின்னதாயிருது, நெருக்கி நெருக்கி எழுதியிருக்காங்க, ஒரே நாள்ல நாலு அடக்கம், அஞ்சு அடக்கம், வயசு பாதி பேருக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு. தாது வருஷப் பஞ்சம். காரணம் எழுதுற இடத்துல வாந்திபேதின்னு ஒரு தடவ எழுதிட்டு கீழ பூரா கோடு கோடா இழுத்து விட்டிருக்கார் எழுதினவர். கை ஓய்ஞ்சிருக்கும் மனுசனுக்கு. எங்க ஆச்சி அவங்க ஆச்சி சொன்னதா பஞ்சத்தைப் பத்தி சொல்லுவாங்க, நாங்க கதைன்னுதான் கேட்டோம், அது இந்தப் பக்கத்துல அப்படியே கெடக்குது.

சென்னை கோட்டைக்குள்ள இருக்குற செயிண்ட் மேரிஸ் கோயிலுக்குப் போனவங்க பாத்திருப்பீங்க. 1680ல பிரதிஷ்டை ஆனது. அதே வருஷம் எலிஹு யேல் (அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துக்கு இவர் பேருதான்) கல்யாணம் அங்கதான் நடந்துச்சு, ராபர்ட் கிளைவ் கல்யாணம் 1753ல அதே கோயில்ல. அந்த கல்யாணங்களை எழுதின பதிவேட்டைப் பத்தி வர்றவங்க எல்லாம் ஆச்சரியமா பேசுவாங்க, அது சரிதான், நான் குறை சொல்லல. ஆனா கிளைவ் பேரு இன்னும் நூறு புஸ்தகத்துல இருக்கு. எங்க ஊர் பனையேறி பேரு உலகத்துலயே அந்த ஒரு வரியிலதான் இருக்கு, அந்த வரியை கரையான் தின்னா அவர் வாழ்ந்ததுக்கு சாட்சியே கெடையாது. பத்திரமா வைக்க வேண்டியது எதை முதல்ல, நீங்களே சொல்லுங்க.

கட்டடம் முக்கியம் இல்லன்னு சொல்ல வரல. மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி, தேரிக்காட்டுப் பக்கம் பஸ்ல வரும்போது பனைக்கு மேல அது தெரிஞ்சா இன்னைக்கும் எனக்கு தொண்டை அடைக்கும். ஜான் தாமஸ் ஐயர் கட்டின கோயில், 1847ல பிரதிஷ்டை, அவரும் அந்த ஊர் மண்ணுலதான் கெடக்கார். இடையன்குடியில 1847ல அஸ்திவாரம் போட்டு 1880லதான் பிரதிஷ்டை, 33 வருஷம்! அங்க போதகரா இருந்த கால்டுவெல் ஐயர் அதுக்கு நடுவுல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணமும் எழுதி (1856) பிஷப்பும் ஆயிட்டார், கோயில் வேலை நடந்துட்டே இருந்துருக்கு. 1891ல கொடைக்கானல்ல இறந்தவரைக் கொண்டு வந்து அந்தக் கோயில் பீடத்துக்குக் கீழதான் அடக்கம் பண்ணாங்க. அவசரப்படாம கட்டினவங்க கட்டினது அது.

நாமதான் அவசரப்படுறோம். எங்க கோயில்ல என்ன நடந்துச்சுன்னா, பழைய சுண்ணாம்புப் பூச்சு அங்கங்க உதிருதுன்னு ஒரு காண்ட்ராக்டர் வந்து பூராவும் கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசிட்டார், மேல பளபளன்னு பெயிண்ட். பழைய பூச்சு சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டித் தண்ணி ஊத்தி அரைச்சது, அது மூச்சு விடும், தரையில இருந்து ஏறுற ஈரம் அது வழியா வெளிய போயிரும். சிமெண்ட் போட்டா ஈரத்துக்கு வழி இல்ல, செவத்துக்குள்ளயே நிக்கும், உப்பு பூக்கும், ரெண்டு ஐப்பசி மழை முடியுமுன்ன எங்க கோயில் செவரு இடுப்பு உயரத்துக்கு பொருக்கு பொருக்கா உரியுது. அந்த ஈரச் செவத்துல சாய்ச்சுதான் பதிவேட்டு பீரோ நிக்குது. ரெண்டும் ஒரே தப்புதான். கண்ணுக்குத் தெரியுற இடத்துல காசைப் போட்டுட்டோம்.

"இப்ப பழசை வச்சு என்ன செய்ய, ஆத்துமா ஆதாயம்தான் முக்கியம்"னு ஒரு அண்ணன் என்கிட்ட நேராவே சொன்னார். அவர் நல்லவர், மழையோ வெயிலோ முதல் மணி அடிக்கும்போதே வந்து பாய் விரிக்கிறவர், அதனால அவர் சொன்னதை லேசா எடுத்துக்க மாட்டேன். ஆனா அண்ணே, ஆத்துமாவை எண்ணிப் பேரு சொல்லி எழுதி வச்ச புஸ்தகம்தானே இது. கைப்பிடி அரிசி எடுத்து வச்ச அம்மாமார், ஸ்தோத்திரப் பண்டிகையில ஒரு சேவலைக் கொண்டு வந்து படைச்சு அதையே ஏலத்துல திரும்ப எடுத்துட்டுப் போன தாத்தாமார், அவங்க பேரு வேற எங்க இருக்கு? 1947 செப்டம்பர் 27ல தென்னிந்தியத் திருச்சபை உருவாகி நம்ம ஆங்கிலிக்கன் கோயில் எல்லாம் சிஎஸ்ஐ ஆச்சு, அன்னைக்கும் பேரும் போர்டும்தான் மாறுச்சு, அதே நோட்டுலதான் அடுத்த வரி எழுதினாங்க.

பெரிய செலவு ஒண்ணும் இல்ல. செவத்தை விட்டுத் தள்ளி, காலுக்கு கட்டை வச்சு ஒரு ஸ்டீல் பீரோ. குரோம்வெல் சொன்ன மாதிரி ரெண்டு சாவி. கிழிஞ்ச தாளுக்கு தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீங்க, லாமினேஷன் போடாதீங்க, பசை தாளைக் கெடுத்துரும், அப்புறம் எடுக்கவே முடியாது. நம்ம வாலிபர் சங்கத்துப் பிள்ளைங்க கையில இருக்குற போன் கேமராவே போதும், ஸ்டாண்டுல மாட்டி, ஃபிளாஷ் இல்லாம பகல் வெளிச்சத்துல, பக்கம் பக்கமா நேரா எடுத்து ரெண்டு இடத்துல சேமிச்சு வைங்க. ஃபேஸ்புக்ல மட்டும் போட்டுறாதீங்க, அதுல உயிரோட இருக்குறவங்க விவரமும் இருக்கு, சிலருக்கு வெளிய சொல்ல முடியாத விஷயமும் இருக்கு.

எங்க ஐயர்கிட்ட எழுதியே குடுத்துட்டேன், கமிட்டியிலயும் பேசியாச்சு. சனிக்கிழமை காலை 9 மணிக்கு வெஸ்ட்ரி திறந்து தாரேன்னு உபதேசியார் சொல்லிருக்கார், அந்த நேரம் கிழக்கு ஜன்னல் வழியா வெளிச்சம் நல்லா விழும். முதல்ல அந்த 1877 புஸ்தகம். பெரியம்மையும் வாரேன்னு சொல்லிருக்காங்க, பழைய கையெழுத்து அவங்களுக்குத்தான் நல்லா படிக்க வரும்.