காஷ்மீர் போரோடு நின்றதா இந்தியா–பாகிஸ்தான் வணிகம்?

"1947-48 காஷ்மீர் போரோடு பாகிஸ்தானுடன் வியாபாரத்தை இந்தியா நிறுத்திவிட்டது" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

போர் நடந்துகொண்டிருந்த 1948 மே மாதத்திலேயே இரு நாடுகளும் சரக்குப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டன. அங்கிருந்து சணல், பருத்தி; இங்கிருந்து நிலக்கரி, துணி. அதற்கு முன்பே, மார்ச் 1 முதல், ஒன்றையொன்று அந்நிய நாடாக அறிவித்து எல்லையில் சுங்கமும் வசூலிக்கத் தொடங்கியிருந்தன. அதாவது வணிகத்தை மூடவில்லை, ஒழுங்குபடுத்தினார்கள்.

சரி, அப்புறம் ஏன் முடங்கியது? நாணயச் சண்டை. 1949 செப்டம்பரில் பிரிட்டனைத் தொடர்ந்து இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் மறுத்தது. அவர்களுடைய 100 ரூபாய்க்கு நம்முடைய 144 ரூபாய் என்ற கணக்கை டெல்லி ஏற்கவில்லை. அடி விழுந்தது சாமானியர்கள்மீது: கொல்கத்தா பக்கம் ஹூக்ளி ஆற்றங்கரைச் சணல் ஆலைகள் கச்சாச் சணலுக்குத் திண்டாடின, அப்போது பாகிஸ்தானில் இருந்த கிழக்கு வங்க (இன்றைய வங்கதேசம்) விவசாயி விளைச்சலை விற்க வழி தேடினார். 1951 பிப்ரவரியில் அந்த மாற்று விகிதத்தை இந்தியா ஏற்ற பிறகே முழு ஒப்பந்தம் வந்தது.

போரால் வணிகம் நின்றது 1965-ல்தான். அதைத் திரும்பத் தொடங்கும் உடன்பாடு 1974-ல் கையெழுத்தானது. பகிர்வதற்கு முன் இந்த ஆண்டுகளைச் சரிபாருங்கள்.