ஐஎச்எஸ் கட்டினால் எல்லாம் இலவசமா?

"ஐஎச்எஸ் கட்டணம் கட்டியாச்சுன்னா பிரிட்டனில் மருத்துவச் செலவே கிடையாது, இன்சூரன்ஸ் வீண் தண்டம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (ஐஎச்எஸ் என்பது பிரிட்டன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது கட்டும் மருத்துவக் கூடுதல் கட்டணம்.) பாதிதான் சரி. மீதிப் பாதியை நம்பிப் போனால் கையைக் கடிக்கும்.

மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுண்ட் கட்டுவது என்எச்எஸ் (பிரிட்டன் அரசு மருத்துவச் சேவை) சிகிச்சைக்கு. டாக்டரைப் பார்ப்பதும் ஆஸ்பத்திரியில் சேர்வதும் அதில் அடங்கும். ஆனால் இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்ட் தனி. சீட்டில் மூன்று மருந்து இருந்தால் 29.70. (ஸ்காட்லாந்து, வேல்ஸில் இது இலவசம். யாரும் சொல்வதில்லை.) பல், கண்ணாடிக்கும் பெரும்பாலும் காசுதான்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கடுமையாக நோய்ப்பட்டு ஊருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால், அந்தச் செலவை என்எச்எஸ் ஏற்காது. லேப்டாப் திருட்டு, விடுமுறைக்கு பாரிஸ் போய்க் கால் உடைவது எதற்கும் ஐஎச்எஸ் உதவாது. சிறிய பயணக் காப்பீடு ஒன்று எடுப்பது வீண் தண்டம் இல்லை.

அப்புறம், பணம் கட்டினால் மட்டும் போதாது. போய் இறங்கிய வாரமே வீட்டுக்கு அருகிலுள்ள ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். காய்ச்சல் வந்த பிறகு பதியலாம் என்று இருந்தால் அலைய வேண்டிவரும். முகவரிச் சான்று இல்லை என்பதற்காக இங்கிலாந்தில் பதிவை மறுக்கக் கூடாது என்பதே விதி. ரிசப்ஷனில் தயங்கினால் பணிவாக எடுத்துச் சொல்லலாம். 25 வயதுக்குள் இருந்தால் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேளுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999, மற்ற அவசரத்துக்கு 111.