சிவப்பு விளக்கின் மேல் பழி போடாதீர்கள்
‘ரிப்ளை 1988’ என்ற கொரியத் தொலைக்காட்சித் தொடரில் நாயகி டொக்-சன்னுக்குக் கணவனாக முதலில் எழுதப்பட்டவன் அவள் தெரு நண்பன் ஜங்-ஹ்வான்தான், கடைசி வாரங்களில் ரசிகர்களுக்குப் பயந்து தேக் என்ற இன்னொரு நண்பனைக் கணவனாக்கிவிட்டார்கள் என்று தொடரைப் பற்றிய கட்டுரையை எழுதியவர் அடித்துச் சொல்வதை ஏற்க முடியவில்லை. முதல் முறை பார்த்து முடித்தபோது நானும் அப்படித்தான் கொதித்தேன். இரண்டு நாள் வீட்டில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுபடி பார்த்தபோதுதான் ஆறாவது பகுதியின் முடிவு உறைத்தது. முதல் பனி விழும் இரவில் அதே தெரு நண்பன் சன்-வூ தன்னிடம் காதலைச் சொல்வான் என்று டொக்-சன் காத்திருக்க, அவன் போய் அவளுடைய அக்கா போ-ராவிடம் சொல்கிறான். உடைந்துபோய் நிற்பவளுக்குப் படம் பார்க்கப் போகலாமா என்று தொலைபேசியில் கேட்பவன் தேக். இருபது பகுதிகள் கொண்ட தொடரில் ஆறாவதிலேயே போட்ட விதை இது. கடைசி நேரத்து ஒட்டுவேலை என்று எப்படிச் சொல்வது? மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், டொக்-சன் தனியாக நின்ற இசை நிகழ்ச்சிக்கு ஜங்-ஹ்வான் காரில் விரைந்த இரவில் சிக்னல் மட்டும் பச்சையாக இருந்திருந்தால் அவன் ஜெயித்திருப்பான் என்று வருந்தியிருக்கிறார். தன்னைத் தோற்கடித்தது சிவப்பு விளக்கு அல்ல, தன் தயக்கம்தான் என்று அந்தக் காட்சியில் அவனே மனதுக்குள் ஒப்புக்கொள்கிறானே! தேக்கோ தான் ஆட வேண்டிய பலகை ஆட்டப் போட்டியையே விட்டுக்கொடுத்துவிட்டு அவனுக்கு முன்பே ஓடி வந்திருந்தான். உண்மையில் என்னை வாட்டுவது பிறகு உணவகத்தில் நண்பர்கள் முன்னால் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, எல்லாம் விளையாட்டு என்று ஜங்-ஹ்வான் சிரித்து மழுப்பும் இடம்தான். அதை இன்றும் ஓட்டிவிட்டுத்தான் பார்க்கிறேன்.