வரவேற்புச் செய்தி வாசலை அடைக்கக் கூடாது

சர்வருக்குள் நுழைந்ததும் திரையில் தோன்றும் வரவேற்புச் செய்தியை அழகுபடுத்துவதில் நம் துறையினருக்குத் தனி ஆசை உண்டு. நிறுவனத்தின் பெயரை எழுத்துகளாலேயே கோலம்போல் வரைந்து, அதன்கீழ் ஒரு பசு பழமொழி சொல்லும்படி ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த சிறு நிரல்) எழுதியவர்களில் நானும் ஒருவன்.

சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான உபுண்டுவில் இதற்கென்றே ஒரு கோப்புறை இருக்கிறது. அதிலுள்ள ஸ்கிரிப்டுகள் 00, 10, 50, 90 என்ற எண் வரிசைப்படி, ஒருவர் லாகின் செய்யும் ஒவ்வொரு முறையும், ரூட் எனப்படும் முழு அதிகாரத்துடன் ஓடுகின்றன. அவை ஓடி முடிந்த பிறகுதான் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரி கைக்குக் கிடைக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை.

வட்டில் எவ்வளவு இடம் மீதம் என்று காட்ட டி.எஃப். கட்டளையை ஸ்கிரிப்டில் சேர்த்திருந்தேன். ஒரு நள்ளிரவில், வேறொரு கணினியின் கோப்புகளை வலையமைப்பு வழியே பயன்படுத்த உதவும் என்.எஃப்.எஸ். வழியாக இணைத்திருந்த சேமிப்பகச் சர்வர் விழுந்துவிட்டது. டி.எஃப். அதன் பதிலுக்காகக் காத்து நின்றது. அதன் பின்னால் நானும் நின்றேன். கடவுச்சொல் சரி, சர்வரும் உயிருடன் இருக்கிறது, ஆனால் என் அலங்காரமே என்னை உள்ளே விடவில்லை. சேமிப்பகம் எழுந்து வரும்வரை இருபது நிமிடங்கள் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு லாகின் நேரத்தில் எதையும் கணக்கிடுவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் என்னும் நேர அட்டவணைக் கருவி அந்த வேலையைச் செய்து, விவரங்களை எடுத்த நேரத்துடன் ஒரு கோப்பில் எழுதிவைக்கிறது; வரவேற்பு ஸ்கிரிப்ட் அக்கோப்பைக் காட்டுவதோடு சரி. டி.எஃப். கட்டளைக்கும் உள்வட்டுகளை மட்டும் பார்க்கச் சொல்லும் எல் தெரிவைக் கொடுத்துவிட்டேன். (புதிதாக எழுதுவோருக்கு ஒன்று: கோப்பின் பெயர் .எஸ்.எச். என்று முடிந்தால் அந்த ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது, பிழைச்செய்தியும் வராது. இதில் ஒரு மாலைப்பொழுதை இழந்திருக்கிறேன்.)

செய்தியில் என்ன இருக்க வேண்டும் என்பதில் இப்போது நான் கறார். எந்தச் சர்வர், வாடிக்கையாளர் பயன்படுத்துவதா சோதனைக்கானதா, வட்டில் எவ்வளவு இடம், மறுதொடக்கம் நிலுவையில் உள்ளதா என நான்கு வரிகள் போதும். 2017இல் உபுண்டுவின் வரவேற்புச் செய்தியிலேயே ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காகச் செயலி உருவாக்கிய கதைக்கு இணைப்பு வந்தது. அது விளம்பரம்தான் என்று பலர் கொதித்ததில் வியப்பில்லை. செய்தி கொண்டுவரும் அந்தப் பகுதியை என் சர்வர்களில் அணைத்தே வைத்திருக்கிறேன். இரண்டாவது வரி மட்டும், வாடிக்கையாளர் சர்வராக இருந்தால், சிவப்பில் வரும். பசுவைச் சோதனைச் சர்வரில் கட்டிவைத்திருக்கிறேன்.