நடிப்பெல்லாம் இல்லை

சுருதி மையம் இல்லாத, அதாவது எந்தச் சுரத்தையும் ஆதாரமாகக் கொள்ளாத மேற்கத்திய இசையை ரசிப்பதாகச் சொல்பவர்கள் நடிக்கிறார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆஸ்திரிய இசையமைப்பாளர் வெபர்னின் ஓப்பஸ் 10 (ஆர்க்கெஸ்ட்ராவுக்கான ஐந்து சிறு துண்டுகள்) கேட்கும்வரை. அதில் நான்காவது துண்டு அரை நிமிடம்கூட வராது. மாண்டலினில் சில சுரங்கள், ட்ரம்பெட் மெல்லத் தலைகாட்டும், கடைசியில் வயலின் மூச்சுவிடுவதுபோல ஒரு சின்ன நெளிவு. அவ்வளவுதான்! உடனே மறுபடி போட்டேன். மெட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். ஒலியின் நிறத்தைக் கவனித்தால் சுகம்.

வெபர்னின் ஆசிரியர் ஷோன்பெர்க்கின் பியானோ கான்செர்ட்டோ (பியானோவை முன்னிறுத்தி ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு) இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கேட்பவர்கள் அவருடைய இன்னொரு மாணவர் ஆல்பன் பெர்க் 1935இல் எழுதிய வயலின் கான்செர்ட்டோவில் தொடங்கலாம். பன்னிரு சுர வரிசையில் (பன்னிரண்டு சுரங்களையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அடுக்கும் முறை) கட்டியதுதான், ஆனால் இறுதிப் பகுதியில் பழைய மேதை பாக்கின் கோரல் (தேவாலயப் பாடல்) ஒன்று அதற்குள்ளிருந்தே எழுந்து வரும். எனக்கு அங்கே கண் கலங்கியது.