விசா வேண்டாம் என்றார்கள், புத்தகத்தைப் பார் என்று யாரும் சொல்லவில்லை

திருச்சி விமான நிலையத்தில் என் சித்தப்பா பட்டுச்சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மலேசியாவின் கிள்ளானில் அத்தை மகளுக்குக் கல்யாணம். இவர்தான் தாய்மாமன். விளக்குத்தூண் பக்கம் நாலு கடை ஏறி இறங்கி எடுத்த சேலை, சித்தி இரண்டு நாள் உட்கார்ந்து சுட்ட அதிரசம் எல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்தன. விமானம் போய்விட்டது. அவர் போகவில்லை.

காரணம், பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த செல்லோடேப்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்த அன்று சித்தி அதை அழகர் படத்துக்கு முன்னால் விரித்து வைத்து, புகைப்படம் இருக்கும் பக்கத்தில் குங்குமம் இட்டார். கையில் ஈரம். குங்குமம் இறங்கி, பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளின் மேல் படிந்துவிட்டது. டிக்கெட் போட்ட பிறகு சித்தப்பா அதை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார். மேலே இருக்கும் பிளாஸ்டிக் படலத்தின் ஓரம் எழும்பிவிட்டது. பதறிப்போய் மேலூர் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, இரண்டு விரல் அகலத்துக்கு டேப் ஒட்டி வாங்கியிருக்கிறார். பத்திரமாக இருக்கட்டும் என்ற எண்ணம்தான்.

கவுன்ட்டரில் இருந்த பெண் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். டேப்பின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். இயந்திரத்தில் இரண்டு முறை வைத்தார், படிக்கவில்லை. மேலதிகாரி வந்து, "ஐயா, இதை வைத்துக்கொண்டு உங்களை ஏற்ற முடியாது" என்றார். அன்று நான் அவர்களிடம் சத்தம் போட்டேன். இன்று அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் எல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர்கள் மேல்தான். "மலேசியாவுக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் இருந்தால் போதும்" என்று சொல்லி அனுப்பினார்களே, அந்தப் பாஸ்போர்ட்டை ஒருமுறை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்களா?

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போய் வரலாம். நம் பக்கத்தில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கே உறவு இருக்கிறது. எவ்வளவு பெரிய வசதி! ஆனால் விசா இருந்த காலத்தில், நேரில் கொடுத்தாலும் நகலெடுத்து அனுப்பினாலும், பயணத்துக்குப் பல நாள் முன்னதாகவே யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். குறை இருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இப்போது முதல் சோதனையே கவுன்ட்டரில்தான், விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது. விசா அதிகாரி சுமந்த பாரம் முழுவதும் அந்தச் சிறிய புத்தகத்தின் மேல் ஏறிவிட்டது.

அந்தப் படலம் அழகுக்கு ஒட்டியதில்லை. ஒருவர் படத்தை எடுத்துவிட்டு இன்னொருவர் முகத்தை வைக்கும் தலைமாற்று வேலை நடந்தால் காட்டிக்கொடுக்கத்தான் அது இருக்கிறது. அதன் ஓரம் எழும்பி, மேலே டேப்பும் ஒட்டியிருந்தால், பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? சித்தி இட்ட குங்குமமா தெரியும்? தவறான ஆவணத்தோடு ஆளை ஏற்றி வந்தால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் போடுகின்றன, திருப்பிக் கொண்டுபோகும் செலவையும் அதன் தலையிலேயே கட்டுகின்றன.

2014 மார்ச்சில் கோலாலம்பூரிலிருந்து கிளம்பி 239 பேரோடு மறைந்துபோன எம்எச்370 விமானத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதில் இரண்டு பேர் திருட்டுப் பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தார்கள். அவை தாய்லாந்தில் களவுபோனவை. சர்வதேச போலீஸ் அமைப்பான இன்டர்போலின் திருட்டுப் பாஸ்போர்ட் பட்டியலிலும் இருந்தன. ஏற்றும்போது யாரும் அந்தப் பட்டியலைப் பார்க்கவில்லை. விமானம் மறைந்ததற்கும் அந்த இருவருக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவரவில்லை. இருந்தாலும், ஒரு புத்தகத்தை நம்பிக் கதவைத் திறக்கும் நாடுகளுக்கு அது பெரிய அதிர்ச்சி. இதனால்தான் சொல்கிறேன், பாஸ்போர்ட் தொலைந்தால் அன்றே புகார் கொடுங்கள். எங்காவது கிடைக்கும் என்று மாதக்கணக்கில் பீரோவைத் துழாவிக்கொண்டிருக்காதீர்கள்.

சில நாட்டவர் மட்டும் விசா இல்லாமல் வர விடும் அமெரிக்காவின் விசா விலக்குத் திட்டத்தைப் பாருங்கள். 2006 அக்டோபர் 26 முதல் வழங்கப்படும் பாஸ்போர்ட்டில், உரியவரின் விவரங்களைச் சேமித்து வைக்கும் மின்னணுச் சிப் இருக்க வேண்டும் என்றார்கள். 2016 ஏப்ரல் 1 முதல், எப்போது வழங்கியதானாலும் சிப் கட்டாயம். சிப் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. உலகிலேயே முதலில், 1998-லேயே, சிப் வைத்த பாஸ்போர்ட் கொடுத்த நாடு மலேசியா. ஆனாலும் அது அந்தத் திட்டத்தில் இல்லை. சிங்கப்பூர் இருக்கிறது. தொலைந்த பாஸ்போர்ட் விவரத்தை உடனுக்குடன் பகிர வேண்டும், அந்த நாட்டவருக்கு விசா மறுக்கப்படும் விகிதம் 3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று இன்னும் பல நிபந்தனைகள் இருக்கின்றன. ஒரு நாட்டுப் பாஸ்போர்ட்டின் மதிப்பு அந்தக் குடிமக்கள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

நம் நாட்டிலும் சிப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. 2024 ஏப்ரலில் வெள்ளோட்டம் தொடங்கியது, 2025 மார்ச்சில் சென்னையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். அட்டையில் சிறிய பொன்னிறக் குறி இருக்கும். "இனிமேல் அழுக்குப் பட்டாலும் கவலை இல்லை" என்று ஒரு நண்பர் சொன்னார். தவறு. புகைப்படப் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளில், வரிக்கு 44 எழுத்துகளும் குறிகளும் இருக்கின்றன. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் இயந்திரம் அங்கிருந்துதான் எடுக்கிறது. அவற்றைச் சாவியாக வைத்துத்தான் பொதுவாகச் சிப்பையே திறக்கிறது. சாவி அழிந்தால் பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்து என்ன பயன்?

அரசிடம் ஒன்று கேட்க வேண்டும். காலாவதியான 36 பக்கப் பாஸ்போர்ட்டை மாற்ற 1,500 ரூபாய். சேதமானதை மாற்ற 3,000 ரூபாய். அலட்சியத்துக்குத் தண்டனை என்று நினைத்திருக்கலாம். ஆனால் மேலூரில் காய்கறி விற்கும் மனிதர் அந்த 3,000 ரூபாயைக் கேட்டதும் பத்து ரூபாய் டேப்பைத்தான் தேடுவார். புகைப்படப் பக்கம் கெட்டுப்போனவர்களுக்காவது இந்தக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். குறையுள்ள புத்தகங்கள் எவ்வளவு சீக்கிரம் புழக்கத்தை விட்டுப் போகின்றனவோ அவ்வளவுக்கு நாட்டுக்கு நல்லது. பாஸ்போர்ட் கொடுக்கும்போதே, எங்கே குங்குமம் வைக்கக் கூடாது, எதை ஒட்டக் கூடாது என்று தமிழில் அரைப் பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் நின்றார். சித்தப்பா வீடியோ அழைப்பில் பார்த்தார். மாலை மாற்றும்போது எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அந்த வாரமே விண்ணப்பித்தோம். போன மாதம் புதிய பாஸ்போர்ட் தபாலில் வந்தது, பொன்னிறக் குறியோடு. சித்தி அதை அழகர் படத்துக்கு முன்னால் மூடியபடியே வைத்தார். தபால் உறையை மட்டும் எடுத்து, அதன் மூலையில் குங்குமம் இட்டார்.