மேலே ஏறியவரை விடுங்கள், ஓடுபாதையைப் பற்றிக் கேளுங்கள்

தரையிறங்க வந்த விமானம் கடைசி நேரத்தில் மறுபடி மேலே ஏறிவிட்டால் மறுநாள் செய்தி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "பயணிகள் அலறல்", "நூலிழையில் உயிர் தப்பினர்". கீழே பாதிப் பேர் விமானியைத் திட்டியிருப்பார்கள், மீதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஓடுபாதை ஏன் காலியாக இல்லை என்று கேட்பவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் ஆதங்கமே அதில்தான்.

முதலில் மேலே ஏறுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விமானிகள் கோ-அரவுண்ட் என்று சொல்லும் இந்த நடைமுறை, ஆயிரம் தரையிறக்கங்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று முறை நடப்பதுதான். இன்ஜின்களுக்கு விசை கூடும், மூக்கு மேலே தூக்கும், இறக்கையின் ஃபிளாப் ஒரு படி உள்ளே போகும், விமானம் ஏறுகிறது என்பது உறுதியானதும் சக்கரங்கள் மடங்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு முதுகு இருக்கையில் அழுந்தும், இரைச்சல் சட்டென்று கூடும், காலடியில் சக்கரம் மடங்கும் சத்தம் கேட்கும். அப்புறம் சில நிமிடங்களுக்கு விமானி அறையிலிருந்து ஒரு வார்த்தை வராது. பலரை அதிகம் பயமுறுத்துவது அந்த மௌனம்தான். உயரம், வேகம், திசை, கட்டுப்பாட்டு அறையின் அடுத்த உத்தரவு என்று விமானிகள் இருவருக்கும் கை நிறைய வேலை இருக்கும் நேரம் அது. நம்மிடம் பேசுவது அவர்களுக்குக் கடைசி வேலை; அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

உண்மையில் ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. வேகமும் இறங்கும் வீதமும் ஆயிரம் அடி உயரத்துக்கு வரும்போது சரியாக நிலைகொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏற வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. ஆனால் ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற விமானப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்தபோது, நிலைகொள்ளாமல் வந்த விமானங்களில் சுமார் 3 சதவீதம் மட்டுமே மேலே ஏறியிருந்தன. மற்றவை எப்படியோ சமாளித்து இறங்கிவிட்டன. மங்களூரில் 2010 மே 22 அன்று அந்தச் சமாளிப்பு பலிக்கவில்லை. மூன்று முறை மேலே ஏறச் சொன்னார் துணை விமானி என்கிறது விசாரணை அறிக்கை. கேப்டன் தொடர்ந்து இறக்கினார். 158 பேர் இறந்தார்கள்.

அதனால் ஏறிய விமானியிடம் விளக்கம் கேட்பதே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிறுவனமும் கேட்கக் கூடாது, எரிபொருள் செலவுக் கணக்கைக் காட்டியும் கேட்கக் கூடாது. கொஞ்ச நேரத் தாமதத்துக்காக விமானப் பணிப்பெண்களிடம் சண்டைக்கு நிற்கும் பயணிகளுக்கும் இதைத்தான் சொல்வேன்.

சரி, ஓடுபாதைக்கு வருவோம். வரிசையாக இறங்க வரும் இரண்டு விமானங்களுக்கு நடுவே 3 கடல்மைல் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஐந்தரை கிலோமீட்டர். மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானத்துக்கு அது சுமார் 77 விநாடி. முன்னால் இறங்கியது ஓடுபாதையை விட்டு விலகவே ஒரு நிமிடம் வரை ஆகலாம். நடுவில் ஒன்றைப் புறப்பட விடலாம் என்று இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினாலும், அது ஓடுபாதைக்குள் திரும்பி நிற்கப் பதினைந்து விநாடி தாமதித்தால் போச்சு. பின்னால் வருபவர் மேலே ஏறியாக வேண்டும்.

ஏற வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே! 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் கடலோரக் காவல்படையின் சிறிய விமானம் சுமார் 40 விநாடி ஓடுபாதையில் நின்றது. புறப்பாட்டு வரிசையில் முதல் என்ற பொருளில் "நம்பர் ஒன்" என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதை, ஓடுபாதைக்குள் போக அனுமதி என்று அதன் குழு எடுத்துக்கொண்டது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் எச்சரிக்கை வந்தும் கட்டுப்பாட்டாளர் கவனிக்கவில்லை. இருட்டில் அந்தச் சிறிய விமானம், அதே ஓடுபாதையில் இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானிகள் கண்ணிலும் படவில்லை. இரண்டும் மோதின. ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் இருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து வெளியேறியதை உலகமே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆஸ்டினில் பனிமூட்டம். ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் இறங்கிக்கொண்டிருந்தபோதே அதே ஓடுபாதையில் சவுத்வெஸ்ட் விமானத்தைப் புறப்பட அனுமதித்துவிட்டார்கள். இறங்க அனுமதி உண்டுதானே என்று ஃபெடெக்ஸ் குழு சந்தேகப்பட்டு மறுபடி கேட்டது. உண்டு என்றே பதில் வந்தது. கடைசியில் பனிக்குள் எதிரே ஒரு விமானம் தெரிந்ததும் மேலே ஏறினார்கள். இரண்டுக்கும் நடுவே 200 அடிகூட இல்லை. கீழே இருந்த விமானத்தில் 128 பேர். விமானங்கள் தரையில் எங்கே நிற்கின்றன என்று காட்டும் கருவி அந்த நிலையத்தில் இல்லை, அதற்கப்புறம்தான் வைத்தார்கள். இத்தாலியின் மிலான் லினாட்டே நிலையத்தில் 2001 அக்டோபரில் இதே மாதிரி பனி, தரை ரேடார் வேலை செய்யவில்லை, ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 118 பேர் இறந்தார்கள். இந்தப் பாடத்தை இத்தனை வருடம் கழித்தும் ஒரு விமானியின் கண்ணை நம்பித்தான் படிக்க வேண்டுமா?

கோ-அரவுண்ட் இருக்கிறதே, அது காப்பாற்றும் என்று இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கும் அதன் ஆபத்து உண்டு. இருட்டில் விமானம் வேகமெடுக்கும்போது மூக்கு அளவுக்கு மேல் தூக்குவது போல உடல் ஏமாற்றும். விமானி மூக்கைக் கீழே அழுத்திவிடுவார். 2000 ஆகஸ்டில் பஹ்ரைனில் விமானம் அப்படிக் கடலில் விழுந்து 143 பேர் இறந்தார்கள். 2016இல் துபாயில் சக்கரம் தரையைத் தொட்டபின் மேலே ஏற முயன்றார்கள். மேலே ஏற இன்ஜின் விசையைத் தானாகக் கூட்டும் பொத்தான், தரை தொட்டதும் வேலை செய்யாது. இன்ஜின் வேகம் கூடாமலே மூக்கைத் தூக்கிவிட்டார்கள். விமானத்தில் இருந்த 300 பேரும் பிழைத்தார்கள், ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார்.

நெரிசலான நிலையங்களில் தரை ரேடாரும், ஓடுபாதை வாயிலில் சிவப்பு நிறுத்த விளக்கும் எந்த நேரமும் வேலை செய்ய வேண்டும். எச்சரிக்கை கட்டுப்பாட்டு அறையைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராக விமானியின் காதுக்கே போக வேண்டும். கட்டுப்பாட்டாளர்களை ஓவர்டைமில் ஓட்டக் கூடாது. ஆள் போதவில்லை என்றால் அந்த மணி நேரத்துக்கு விமானங்களைக் குறையுங்கள். ஆஸ்டினில் ஒருவருக்கும் கீறல் படவில்லை, ஆனாலும் முழு விசாரணை நடந்தது, அறிக்கையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். எந்த நாட்டில் இப்படி ஒரு விமானம் இன்னொன்றின் மேல் இறங்கப் பார்த்தாலும் அதே அளவு விவரம் வெளியே வர வேண்டும். யாரும் சாகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கோப்பில் மூடி வைக்க எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை.